கால்வாயையும் குளக்கரையையும் மூடும் களைகள்

சேரன்மகாதேவி வட்டாரத்துக் குடியானவர்களுக்குக் கன்னடியன் கால்வாயே ஜீவாதாரமாகும். தாமிரபரணியின் குறுக்கேயுள்ள எட்டு அணைக்கட்டுகளில் மூன்றாவதான கன்னடியன் அணைக்கட்டிலிருந்து புறப்படும் இக்கால்வாய், வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை முதலிய ஊர்களின் வயல்களுக்கும் குளங்களுக்கும் நீர் அளித்து, 12,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வளப்படுத்துகிறது. எட்டு அணைகளில் 19-ம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஸ்ரீவைகுண்டம் அணை நீங்கலாக மற்ற ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. இவை இத்தனை காலம் பயன்பட்டு வருவதற்குக் கல்லின் உறுதி மாத்திரம் காரணமன்று. ஆண்டுதோறும் மண்வெட்டியும் அரிவாளும் ஏந்திய கைகளும் காரணமாகும்.

களையினால் நேரும் நஷ்டம்

கால்வாயில் செடி அடர்ந்தால் நீரின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்த நீர் தான் சுமந்து வந்த வண்டலை அவ்விடத்திலேயே படியவிடுகிறது; வண்டல் படிந்த மேட்டில் கோரையும் சம்பும் மேலும் அடர்கின்றன. இவ்விதம் ஒன்றையொன்று வளர்ப்பதால், மேல்மடைக்காரர் வயலில் நீர் கரை தளும்பி நிற்கையில், கடைமடைக்காரர் பயிர் வாடுகிறது. மடைச் சண்டைகள் பலவற்றுக்கு அயலானுடைய பேராசையைக் காட்டிலும் கால்வாயிலுள்ள களையே காரணம் என்பதைச் சிந்திப்போர் சிலரே.

குளத்தின் மறுகால் ஓடையில் முட்செடி மண்டுவது அதனினும் அபாயம். மிகுந்த நீர் வெளியேற வழியின்றிக் கரைமீது ஏறினால் கரை உடையும். 1923-ல் அல்ல, நம் கண்ணெதிரே 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களில் பெய்த பெருமழையில் குளங்கள் பல உடைந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. அத்தகைய மழையை ஒருவராலும் தடுக்க இயலாது. மறுகால் ஓடையைத் திறந்து வைப்பது மாத்திரம் மனிதர் கையில் உள்ளது.

களையின் குணம் அறிதல்

எல்லாக் களைக்கும் ஒரே வைத்தியம் இல்லை. அமலை என்று இப்பக்கத்தில் வழங்கும் ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. சாதகமான நிலையில் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். யானைக்கால் நோயைப் பரப்பும் ஒருவகைக் கொசுவின் புழுக்கள் இதன் வேரைப் பற்றி வாழ்கின்றன. பூப்பதற்கு முன் வாரிக் கரையேற்ற வேண்டும். தள்ளிவிட்டால் அடுத்த ஊருக்குப் போய்ச் சேருமேயன்றி அழியாது. உலர்த்திச் சாணமும் மண்ணும் இட்டு மக்கவைத்தால் எருவாகும்.

நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டிக் கரையிலேயே எறிதல் கூடாது. ஒடிந்த தண்டு ஈரம் பட்டால் வேர்விடும். வேரோடு பிடுங்கி உலர்த்திய பின்னரே அகற்ற வேண்டும்.

சீமைக் கருவேல் 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தேசத்துக்குள் கொண்டுவரப்பட்டது. மேலே வெட்டினால் அடிக்கட்டை பல கிளையாகத் துளிர்க்கும்; ஆதலின் ஓரடி ஆழம் தோண்டிக் கிழங்கு போன்ற அடிப்பாகத்தை எடுக்க வேண்டும். காய்களைத் தின்னும் ஆடுமாடுகளின் சாணத்தின் வழியே விதை பரவுவதால், காய்க்குமுன் வெட்டுதல் நலம்.

களையை வெல்ல முடியாது என்று மனந்தளர வேண்டுவதில்லை. முற்காலத்தில் தென் ஜில்லாக்களில் தரிசுகளை மூடியிருந்த சப்பாத்திக்கள்ளி, 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு பூச்சியினால் பெரும்பாலும் ஒழிந்தது.

செய்யத் தகாதவை

கரையைச் சுத்தம் செய்வதென்பது மொட்டையாக்குவதன்று. அறுகு முதலிய புற்கள் மழையில் கரை அரிக்கப்படாமல் காப்பவை, அவற்றைச் செதுக்கலாகாது. கரைமீதுள்ள பெருமரங்களை அனுமதியின்றி வெட்டலாகாது. வெட்டிய மரத்தின் வேர் உள்ளே மக்கினால் அத்துளை வழியே நீர் கசிந்து கரை பலவீனப்படும். முட்புதரின் வேரைத் தோண்டிய குழியையும் உடனே களிமண் இட்டு இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். இந்நீரையே மனிதரும் கால்நடையும் பருகுவதால், களைக்கொல்லி மருந்தைத் தெளித்தல் கூடாது.

சங்கத்தின் கடமை

பிசான அறுவடை முடிந்து, கார்ச் சாகுபடிக்கு நீர் திறப்பதற்கு முன் கால்வாய் வறண்டிருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களே இவ்வேலைக்கு உரிய காலம். முற்காலத்தில் குடிமராமத்துக்கு வராதவரிடம் வேலை மதிப்பில் இரு மடங்கு வசூலிக்க 1858-ம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. சட்டத்துக்கு அஞ்சிச் செய்யும் வேலையினும் தம்முடையதென்று செய்யும் வேலை நிலைக்கும். 2017-ல் தமிழ்நாடு அரசாங்கம் குடிமராமத்தைப் புதுப்பித்தபோது, செலவில் நூற்றுக்குப் பத்துப் பங்கைப் பாசனதாரர் ஏற்பதென்று விதித்ததன் கருத்தும் இதுவே.

அங்கத்தினர்கள் முதலில் கால்வாயைக் கடைமடைவரை நடந்து பார்த்து, அளந்து, நில விஸ்தீரணத்துக்கு ஏற்ப வேலையைப் பங்கிட வேண்டும். உடலுழைப்புக்கு இயலாதவர் கூலி கொடுக்கலாம். புறம்போக்கு மரங்களுக்கு அதிகாரிகளின் அனுமதியை முன்னரே பெறவேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பொதுவில் படித்துக் காட்ட வேண்டும்; கணக்கு மறைந்த இடத்தில் மறு வருஷம் ஆள் வராது. ஒருவர் மட்டும் தம் வயலுக்கு எதிரேயுள்ள பாகத்தைச் சுத்தம் செய்வதால் பயனில்லை; கீழே அடைப்பு இருந்தால் நீர் அங்கேயே தேங்கும். வேலையைக் கடைமடையிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் செய்துவரின், நீர் திறக்கும் நாளில் கடைசி வயலுக்கும் தடையின்றிப் பாயும். மேல்மடைக்காரர் கடைமடைக்கு வந்து மண்வெட்டி பிடிக்கும் ஊரில் கூட்டுறவு வேரூன்றிவிட்டதென்று துணிந்து கூறலாம்.