பாறைத் திண்டும் பெருஞ்சுறாவும்

சிட்னியிலிருந்து தெற்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம் காரில் போனால் ஜெர்விஸ் விரிகுடா வருகிறது. அதன் வடக்குக் கரையாக நீண்டு கிடக்கிறது பீக்ராஃப்ட் தீபகற்பம். ஆஸ்திரேலியக் கடற்படையின் பீரங்கிப் பயிற்சிக் களம் அங்கே இருப்பதால், சுடும் பயிற்சி நடக்கும் நாட்களில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. மற்ற நாட்களில் முதுகில் பெருஞ்சுமையும் கையில் தடித்த தூண்டில் கம்புமாக ஆட்கள் மணற்கல் பாறைகளின் வழியே கீழே இறங்குவதைப் பார்க்கலாம். சூரை, மார்லின், சுறா என்று ஆழ்கடலில் திரியும் பெருமீன்களைக் கரையில் நின்றே பிடிக்கப் போகிறவர்கள் அவர்கள்.

கரையிலிருந்து அது முடியும் என்பதற்குக் காரணம் அந்த இடத்தின் அமைப்பு. தீபகற்பத்தின் முனைக்குப் பாயிண்ட் பெர்ப்பெண்டிகுலர் என்று பெயர். பாறை செங்குத்தாக நீருக்குள் இறங்கி, அடியிலும் அப்படியே போகிறது. வேறு கரைகளில் படகில் வெகுதூரம் போனால்தான் கிடைக்கும் ஆழம் இங்கே காலடியிலேயே கிடக்கிறது. கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும், அதாவது ஜனவரி முதல் மே வரை, கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் பவளக் கடலின் வெதுவெதுப்பான நீரைத் தெற்கே கொண்டுவந்து இந்தக் கரையோரம் சேர்க்கிறது. அந்த நீரோடு கானாங்கெளுத்தி வகை மீன்களின் கூட்டம் வருகிறது. கூட்டத்தின் பின்னால் வரிச்சூரை வரும். அதற்கும் பின்னால் சுறா. வெண்கல நிறத்தில் மின்னும் பெரிய சுறா இனமொன்று, புலிச்சுறா, கொம்பன் சுறா ஆகியவை பாறையை ஒட்டியே உலவுகின்றன. அமைதியான நாளில் கொம்பன் சுறாவின் முதுகுத்துடுப்பு நீர்ப்பரப்பைக் கிழித்துக்கொண்டு போவது பாறைத் திண்டிலிருந்து நன்றாகத் தெரியும்.

பெருமீனுக்கு முன் சிறுமீன். காலையில் முதல் வேலை, சின்னத் தூண்டிலில் உயிர் இரை பிடிப்பது. பிடித்ததைப் பாறைக் குழியில் தேங்கிய கடல்நீரில் விட்டுவைப்பார்கள். குழி கிடைக்காத இடங்களில், குழந்தைகள் விளையாடும் காற்றடைத்த தொட்டியைச் சுமந்துபோய் வாளி வாளியாகக் கடல்நீர் மொண்டு ஊற்றி நிரப்புகிறவர்களும் உண்டு. அடுத்தது இரையை வெளியே அனுப்புவது. மேல்காற்று வீசினால் ஹீலியம் நிரப்பிய பலூனைத் தூண்டில் நரம்பில் கட்டுவார்கள். கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் அந்தக் காற்று பலூனைத் தள்ளிக்கொண்டே போக, அதன் கீழே இரை நீரின் மேற்பரப்பில் துள்ளிக்கொண்டிருக்கும். கம்பால் வீசி எட்ட முடியாத தூரத்துக்குக் காற்றே கொண்டுசேர்த்துவிடுகிறது. ரீலில் நூற்றுக்கணக்கான மீட்டர் நரம்பு இருக்கும். சுறாவுக்கென்று நிற்பவர்கள் 24 கிலோ, 37 கிலோ இழுவை தாங்கும் நரம்பைப் போடுவார்கள். முள்ளுக்கு மேலே கம்பி, கம்பிக்கு மேலே பல மீட்டர் நீளத்துக்குத் தடித்த நைலான். சுறாவின் தோல் முழுக்க நுண்ணிய பற்கள் போன்ற செதில்கள். உடம்பில் ஒருமுறை உரசினாலே மெல்லிய நரம்பு அறுந்துபோகும் என்பதால்தான் இந்தத் தடிப்பு.

இந்தக் கலையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அது யாருடைய கலை என்பது. அமெரிக்க நாவலாசிரியர் ஸேன் கிரே 1936-இல் இதே கரையில் இன்னும் தெற்கேயுள்ள பெர்மகுயிக்கு வந்து பெருமீன் வேட்டையாடியபோது, அது படகும் பணமும் உள்ளவர்களின் விளையாட்டாக இருந்தது. தென் ஆஸ்திரேலியாவின் செடூனா அருகே 1959-இல் ஆல்ஃப் டீன் 1,208 கிலோ வெள்ளைச்சுறாவைத் தூண்டிலில் பிடித்ததும் படகிலிருந்துதான். படகு வாங்க வழியில்லாத இளைஞர்கள் அதே மீன்களைப் பாறையில் நின்று பிடிக்கலாம் என்று காட்டியது ஜெர்விஸ் விரிகுடா. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டார்ப்பிடோக்களைச் சோதிக்கக் கட்டப்பட்ட தளத்தின் இடிபாடுகளுக்குப் பக்கத்துத் திண்டை இன்றும் ‘டியூப்ஸ்’ என்றே அழைக்கிறார்கள். அங்கே நின்று கருப்பு மார்லின் பிடித்தவர்களின் பேச்சைக் கேட்டே அடுத்த தலைமுறை சுமையைத் தூக்கியது. காசு இல்லாதவர்கள் உடலுழைப்பாலும் பொறுமையாலும் கடலைப் படித்த அறிவாலும் எட்டிப்பிடித்த கலை இது. அதனாலேயே இதன் முடிவுக் கட்டம் பற்றிக் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது.

முள்ளில் மாட்டிய சுறாவோடு படகில் இருப்பவர் அதன் பின்னாலேயே போகலாம். பாறையில் நிற்பவரால் முடியாது. சுறா வெளியே ஓடினால் நரம்பை விட்டுக்கொடுத்து, ஓட்டம் நின்ற பிறகு ஒவ்வொரு சுற்றாகத் திரும்பச் சுற்ற வேண்டும். சுறா பெரிதாக இருந்தால் இது ஒரு மணி நேரத்தையும் தாண்டும். கடைசியில் சுறா பாறையடிக்கு வருகிறது. அங்கே நுரை, வழுக்கல், கூர்முனைச் சிப்பிகள், ஏறி இறங்கும் நீர். பிடித்தவர் பல மீட்டர் உயரத்தில் நிற்கிறார். மணற்கரையானால் முழங்கால் நீரில் இறங்கி முள்ளைக் கழற்றிவிடலாம். இங்கே இரண்டே வழிகள்தான்: கொக்கிக் கம்பும் கயிறும் போட்டு மேலே இழுப்பது, அல்லது மேலிருந்தே நரம்பை அறுத்துவிடுவது.

மேலே இழுப்பதைப் பற்றி முதலில். சுறாவுக்கு எலும்பில்லை, குருத்தெலும்புதான். உள்ளுறுப்புகளைத் தாங்கும் விலாக்கூடும் இல்லை. அந்த உடலை இதுவரை தாங்கியது நீர். பாறையில் கிடத்தும் கணத்தில் அதன் முழு எடையும் பெரிய ஈரலின் மேலும் குடலின் மேலும் இறங்குகிறது. வெளிக்காயம் ஒன்றுமில்லாமலே உள்ளே சிதையலாம். வாலில் கயிறு மாட்டித் தொங்கவிட்டால் நிலைமை இன்னும் மோசம். கரையோரப் பெருஞ்சுறாக்கள் பலவும் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள் வழியே போதிய நீர் ஓடி மூச்சுவிட முடியும். படம் எடுக்கும் அந்தச் சில நிமிடங்கள் முழுவதும், ஏற்கெனவே ஒரு மணி நேரம் போராடிக் களைத்த உயிர் மூச்சில்லாமல் கிடக்கிறது. பிறகு அதை உயரத்திலிருந்து தள்ளிவிட்டு, வால் ஒருமுறை அசைந்ததைப் பார்த்து ‘நலமாகப் போய்விட்டது’ என்று சொல்கிறார்கள். கண்ணுக்கு எட்டிய வரை போனது என்பதற்கு மேல் அந்தப் பேச்சில் ஒன்றுமில்லை.

போராட்டத்திலேயே பாதிச் சேதம் நடந்துவிடுகிறது. தசைகள் உச்ச வேகத்தில் உழைக்கும்போது இரத்தத்தில் லாக்டேட் ஏறுகிறது, அமிலத்தன்மை கூடுகிறது. தெற்கு ஃபிளோரிடாவை ஒட்டிய கடலில் ஐந்து வகைச் சுறாக்களைப் பிடித்து, இரத்தம் எடுத்து, விட்ட பிறகு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. அதில் புலிச்சுறா மிகக் குறைவாகவே பாதிக்கப்பட்டது. பெருங்கொம்பன் சுறாவுக்குத்தான் பாதிப்பு மிக அதிகம், பிழைத்ததும் மற்றவற்றைவிடக் குறைவு. கொம்பன் சுறா முள்ளில் மாட்டியதும் தன்னிடம் உள்ள அனைத்தையும் செலவழித்துவிடுகிறது. தூண்டில்காரர்கள் அந்தச் சண்டைக்காகவே அதை விரும்புகிறார்கள். அது சாவதும் அதே குணத்தால்தான்.

இதில் சட்டச் சிக்கலும் உண்டு. நியூ சவுத் வேல்ஸில் பெருங்கொம்பன் சுறாவும் இன்னொரு கொம்பன் இனமும் பாதுகாக்கப்பட்டவை. பாறையோரம் அதிகம் தென்படும் வழுவழுத்த தலைக் கொம்பனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வேறுபாடு தலையின் முன்விளிம்பில். நடுவில் வெட்டு இருந்தால் பாதுகாக்கப்பட்டது, இல்லாவிட்டால் மற்றது. அந்தி மங்கிய பிறகு, நுரைக்குள் புரளும் தலையை உயரத்திலிருந்து பார்த்து ஒருவர் இதைச் சொல்லிவிட முடியுமா? முடியாது. ஆகவே எந்தக் கொம்பனையும் நீரைவிட்டு எடுக்கக் கூடாது என்றே நான் சொல்வேன். கொம்பன்கள் சுற்றுவது தெரிந்தால் அன்று சுறாவுக்கான இரையை வெளியே எடுத்துவிடுவதே சரி.

தவறாகப் புரிந்துகொண்டு ஓர் இனத்தை அழிவின் விளிம்புக்குத் தள்ளியதை இந்தக் கரை ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. சாம்பல்நிற நர்ஸ் சுறாவுக்கு வாய்க்கு வெளியே துருத்திய பற்கள். அந்தத் தோற்றத்தை வைத்து அதை ஆள்கொல்லி என்று நினைத்து 1950-களிலும் 60-களிலும் ஈட்டித் துப்பாக்கியோடு முக்குளித்தவர்கள் கொன்று குவித்தார்கள். அது மீன் தின்னும் சாதுவான உயிர். பெண் சுறாவின் இரண்டு கருப்பைகளிலும் முதலில் வளரும் குட்டி மற்றவற்றைத் தின்றுவிடுவதால், ஒரு பிரசவத்தில் இரண்டே குட்டிகள். அடுத்த பிரசவத்துக்கு இரண்டு ஆண்டுகளாவது ஆகும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனத்தில் போன உயிரை ஈடுசெய்ய ஒரு தலைமுறை போதாது. நியூ சவுத் வேல்ஸ் 1984-இல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. உலகிலேயே முதன்முதலில் பாதுகாப்புப் பெற்ற சுறா அதுதான். இன்றும் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் அது அழியும் அபாயத்தில்தான் இருக்கிறது. வேறு மீனுக்குப் போட்ட முள் தாடையில் தைத்து, நரம்பு தொங்க நீந்தும் நர்ஸ் சுறாக்களை முக்குளிப்பவர்கள் பார்க்கிறார்கள்.

அந்தத் தொங்கும் நரம்புதான் இரண்டாவது வழியின் குறை. உயரத்திலிருந்து அறுத்தால் கம்பியும் நைலானும் சுறாவோடு போகும். குறையைச் சிறிதாக்க வழிகள் இருக்கின்றன. வட்ட வடிவ முள் பெரும்பாலும் வாயோரத்திலேயே தைக்கிறது, வயிற்றுக்குள் இறங்குவது அரிது. துருப்பிடிக்கும் இரும்பில் செய்த முள் நாளடைவில் அரித்துப்போகும். சாகசத்துக்காக மெல்லிய நரம்பு போடுவதை விட்டு, போராட்டத்தைச் சீக்கிரம் முடிக்கும் கனத்த கருவியைப் போட வேண்டும். நீண்ட கைப்பிடியில் பொருத்திய வெட்டுக்கருவி இருந்தால் முள்ளுக்குப் பக்கத்திலேயே அறுக்கலாம். ஃபிளோரிடா இவற்றில் சிலவற்றை 2019 ஜூலை 1 முதல் விதியாகவே ஆக்கியிருக்கிறது. கரையிலிருந்து சுறா பிடிக்கத் தனி அனுமதிச் சீட்டு. அது இலவசம், ஆனால் இணைய வகுப்பு ஒன்றை முடித்தால்தான் கிடைக்கும். வட்ட முள் கட்டாயம், வெட்டுக்கருவி கையில் இருப்பது கட்டாயம், பாதுகாக்கப்பட்ட இனம் என்றால் நீரிலேயே வைத்துத் தாமதமின்றி விட வேண்டும். பாறைக் கரையுள்ள நாடுகள் எல்லாம் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தென்னாப்பிரிக்காவோ 2022-இல் டிரோனில் இரை அனுப்பிப் பிடிப்பது சட்டவிரோதம் என்று அறிவித்தது. தூரம் கூடக்கூடப் போராட்டமும் நீளும் என்பதால், அதுவும் நல்ல முடிவுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னே திண்டைத் தேர்ந்தெடுப்பது வருகிறது, அது எளிதல்ல. சுறாவுக்கு ஏற்றது தாழ்ந்த திண்டு. வெட்டுக்கருவி எட்டும், நீரிலேயே விடலாம். மனிதருக்கோ தாழ்ந்த திண்டுதான் எமன். ஆஸ்திரேலியப் பாறைகளில் ஆண்டுதோறும் தூண்டில்காரர்கள் அலையில் அடித்துச் செல்லப்பட்டு இறக்கிறார்கள், அவர்களில் பலர் வேறு நாடுகளில் பிறந்து அங்கே குடியேறியவர்கள். நியூ சவுத் வேல்ஸ் 2016-இல் தனிச் சட்டமே இயற்றி, அறிவிக்கப்பட்ட பகுதிகளில் பாறையில் நின்று மீன்பிடிப்போர் உயிர்காப்பு அங்கி அணிவதைக் கட்டாயமாக்கியது. பல முனைகளில் மிதவை வளையங்களைக் கம்பத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். பழகியவர்கள் கீழே இறங்கும் முன் அரை மணி நேரமாவது மேலே நின்று கடலைப் பார்க்கிறார்கள். பெரிய அலைகள் இடைவெளி விட்டுக் கூட்டமாக வரும். சுறாவை விடுவிக்க இறங்கும் கூட்டாளிதான் அதிக ஆபத்தில் இருப்பவர். அவர் முதுகைக் கடலுக்குக் காட்டக் கூடாது, மேலே ஒருவர் அலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அலை பெரிதான நாளில் தாழ்ந்த திண்டு கிடையாது, உயர்ந்த திண்டிலிருந்து சுறாவை ஒழுங்காக விடவும் முடியாது. ஆகவே அன்று சுறாவுக்கு முள் போடுவதற்கே இடமில்லை.

பிடித்ததைப் பதிவு செய்யவும் சுறாவை மேலே இழுக்க வேண்டியதில்லை. 1973-இல் தொடங்கிய நியூ சவுத் வேல்ஸ் அரசின் அடையாளச் சீட்டுத் திட்டம் இன்றும் நடக்கிறது. தூண்டில்காரர்கள் கம்பு முனையில் பொருத்திய எண்ணிட்ட சீட்டை மீனின் முதுகுத்தசையில் குத்தி, இடம், நாள், இனம், நீளம், எடை ஆகியவற்றை அட்டையில் எழுதி அனுப்புகிறார்கள். இப்படி 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் அடையாளம் பெற்றிருக்கின்றன. எந்த மீன் எங்கே போகிறது, எவ்வளவு வளர்கிறது என்று அறிவியலுக்குத் தெரிந்ததில் இந்த அட்டைகளுக்குப் பெரும்பங்கு. அட்டையில் நீளமும் எடையும் கணிப்பாக இருந்தாலே போதும். மீன் நீரில் இருக்கும்போதே சீட்டைக் குத்திவிடலாம்.