கருப்பைவாய்ப் புற்றுநோயும் ஊர்ச் செவிலியரும்

கருப்பையின் அடிப்பகுதி குறுகி யோனியில் திறக்கும் இடமாகிய கருப்பைவாயில் தோன்றும் புற்றுநோய், பெரும்பாலும் முன்னரே தடுத்துவிடக்கூடியது. ஆயினும் இந்தியப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக மிகுந்து காணப்படுவது இதுவே. உடலுறவின் வழியே பரவும் ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் இதற்குக் காரணம் என்று நிறுவிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்வைரஸ் பெரும்பாலானோர் உடலிலிருந்து ஓரிரு ஆண்டுகளில் தானே நீங்கிவிடுகிறது. நீங்காமல் தங்கும் சிலரிடம் திசுக்கள் மெல்ல மாறிப் புற்றாக முற்றுவதற்குப் பத்தாண்டுகளும் அதற்கு மேலும் ஆகும் என்பதால், அதற்குள் அம்மாற்றத்தைக் கண்டறிந்து நீக்கிவிட முடியும்.

செல்வ நாடுகளில் இதற்கெனப் பயன்பட்ட பாப் ஸ்மியர் பரிசோதனைக்கு ஆய்வகமும், திசு அணுக்களை நுண்ணோக்கியில் பார்த்துத் தேர்ந்த வல்லுநரும், ஒரு பெண் பலமுறை வந்துபோகும் வசதியும் தேவை. பழவேற்காடு ஏரியை ஒட்டிய சுண்ணாம்புக்குளம் போன்ற ஊர்களில், விடியலில் கரைசேரும் மீனை அன்றே விற்றாக வேண்டிய பெண்ணும், ஏரி நீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்ணும், மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொரு நாளையும் கூலி இழந்தே பெற வேண்டியிருக்கிறது. ஆகவே, எந்தக் கருவி சிறந்தது என்பதைக் காட்டிலும், ஒரே வருகையில் எதைச் செய்து முடிக்க முடியும் என்பதே முதன்மையான கேள்வியாகும்.

இக்கேள்விக்கு விடை தேடியவர், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றிப் பின்னர் பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையில் சேர்ந்த டாக்டர் ஆர்.சங்கரநாராயணன். அவருடைய குழு, திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையிலுள்ள கிறித்தவ மருத்துவ நிலையத்துடன் இணைந்து, 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடம் 2000 முதல் 2003 வரை நடத்திய பரிசோதனையில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது காடியின் புளிப்புச் சத்தைத் தடவி, நல்ல வெளிச்சத்தில் வெறுங்கண்ணால் பார்த்தனர். மாறுதலுற்ற திசு ஒரு நிமிடத்தில் வெளுத்துத் தெரியும். அத்தகைய இடத்தைக் கடுங்குளிரூட்டி அழிக்கும் கிரையோதெரபி என்னும் சிகிச்சையையும் பெரும்பாலும் அதே வருகையில் செவிலியர்களே அளித்தனர். 31,343 பெண்கள் பரிசோதிக்கப்பட்ட இவ்வாய்வின் முடிவு 2007இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது: பரிசோதனை அளிக்கப்பட்ட பகுதிகளில் இந்நோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. கருப்பையை அகற்றாமலே நோய் தடுக்கப்படுவதால், பிள்ளைப்பேற்றுக்கான வாய்ப்பும் காக்கப்படுகிறது. இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகளில் ஒப்பீட்டுக்கென வைக்கப்பட்ட பெண்களுக்குப் பரிசோதனை அளிக்கப்படாதது முறையா என்ற அறநெறிக் கேள்வியும் எழுந்தது. அது எழுப்பப்பட வேண்டிய கேள்வியே.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் சங்கரநாராயணன் நடத்தி 2009இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, வைரஸின் மரபணுவைத் தேடும் ஹெச்.பி.வி. பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்தாலும் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்று காட்டியது. இதற்கான மாதிரியைப் பெண்ணே தனிமையில் எடுத்துத் தரலாம். கூச்சத்தால் பரிசோதனையைத் தவிர்ப்போருக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

ஹெச்.பி.வி. தடுப்பூசியிலும் அவருடைய பங்கு பெரிது. இரண்டு தவணைகளையும் மூன்று தவணைகளையும் ஒப்பிட 2009இல் தொடங்கிய ஆய்வு, வேறொரு தடுப்பூசித் திட்டம் பற்றிய சர்ச்சையை அடுத்து 2010இல் அரசால் நிறுத்தப்பட்டதால், ஏறத்தாழ 5,000 சிறுமியர் ஒரே தவணையுடன் நின்றுவிட்டனர். அவர்களைக் கைவிடாமல் பல்லாண்டு தொடர்ந்து கவனித்ததில், ஒரு தவணையே உறுதியான பாதுகாப்புத் தருவது புலப்பட்டது; ஒரு தவணையும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஏற்றுக்கொண்டதற்கு இச்சான்றும் துணைநின்றது.

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. உறவுக்குப் பின்னரோ மாதவிலக்கு முற்றும் நின்ற பின்னரோ இரத்தம் படுவதும், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுவதும் நோய் ஏற்கெனவே முற்றியதன் அடையாளமாக இருக்கக்கூடும் என்பதால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல், உடல்நலம் நன்றாக இருக்கும்போதே பெண்கள் இப்பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும்.