அடிக்கடி 'கேஸ் மாத்திரை' போடுபவரா நீங்கள்? அடுத்த அட்டையை வாங்கும் முன் இதைப் படியுங்கள்!

"அண்ணே, கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடுங்க!"

எந்த மெடிக்கல் ஷாப்பில் ஐந்து நிமிடம் நின்றாலும் இந்தக் குரலைக் கேட்கலாம். எங்கள் வீட்டில் அந்த அட்டை சமையலறை அலமாரியில், அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அம்மா தினமும் காலை டீயோடு ஒன்று போட்டுக்கொள்வார். "இது போடலைன்னா நெஞ்சு எரியுதுடா" என்பார். இரண்டு வருடங்கள் இப்படியே ஓடின. ஏன் எரிகிறது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், அசிடிட்டிக்கு நாம் செய்யும் வைத்தியங்களில் எது உதவும், எது உதவாது என்று பார்த்துவிடலாம்.

ஏன் எரிகிறது?

உணவைச் செரிக்க, இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது. அதைத் தாங்கும் சளிப்படலம் இரைப்பைக்கு உண்டு. உணவுக்குழாய்க்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை. இரண்டுக்கும் நடுவே வால்வு போன்ற தசை இருக்கிறது. அது தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். இதுதான் எதுக்களித்தல். புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல் எல்லாம் இதன் விளைவுகள். அளவுக்கு மீறிய சாப்பாடு, எண்ணெய்ப் பலகாரம், புகை, மது, அதிக உடல் எடை, கர்ப்பகாலம் ஆகியவை இந்தத் தசையைத் தளர்த்தும் அல்லது வயிற்றின் அழுத்தத்தைக் கூட்டும்.

வீட்டு வைத்தியம்... எது சரி, எது தப்பு?

குளிர்ந்த பால்: குடித்தவுடன் இதமாக இருக்கும். ஆனால், பாலில் உள்ள புரதமும் கால்சியமும் மீண்டும் அமிலச் சுரப்பைத் தூண்டும். அதனால் சற்று நேரத்தில் எரிச்சல் திரும்பலாம்.

சீரகத் தண்ணீர், நீர் மோர்: பெரிய ஆய்வு ஆதாரங்கள் கிடையாது. ஆனால், பலருக்கும் இதமாக இருக்கிறது. தீங்கும் பெரிதாக இல்லை. உங்களுக்கு ஒத்துக்கொண்டால் குடிக்கலாம். மோரில் உப்பும் பச்சை மிளகாயும் தூக்கலாக வேண்டாம்.

புதினா: வயிற்று உப்புசத்துக்கு நல்லது என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால், அது அந்த வால்வு தசையைத் தளர்த்தக்கூடியது. எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு எரிச்சலைக் கூட்டலாம்.

சோம்பு மெல்லுவது: மென்றால் உமிழ்நீர் சுரக்கும். உமிழ்நீருக்கு அமிலத்தைத் தணிக்கும் தன்மை உண்டு. சாப்பிட்டபின் சிறிது மெல்வதில் தவறில்லை.

ஆப்ப சோடா: அமிலத்தை உடனே முறிக்கும் என்பது உண்மை. ஆனால், அரை டீஸ்பூனிலேயே சுமார் 600 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒருநாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குள் சோடியம் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரஷர், இதயம், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தவிர்ப்பது நல்லது.

கடையில் வாங்குபவை... மூன்றும் ஒன்றல்ல!

'கேஸ் மாத்திரை' என்று பொதுவாகக் கேட்கிறோம். ஆனால், அதில் மூன்று வகைகள் உள்ளன.

1. அமிலத்தை முறிப்பவை: ஜெலுசில், டைஜீன் போன்ற திரவங்களும் மென்று சாப்பிடும் மாத்திரைகளும் இந்த வகை. ஈனோ போன்ற பொங்கும் உப்புகளும் இதில் சேரும். அவற்றில் சோடியம் அதிகம். சில நிமிடங்களில் வேலை செய்யும், ஓரிரு மணி நேரத்தில் பலன் தீர்ந்துவிடும். எப்போதாவது விருந்து சாப்பிட்டு அவதிப்படுபவர்களுக்கு இதுவே போதும். தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, சில ஆன்டிபயாடிக்குகளை உடல் ஏற்பதை இவை தடுக்கும். எனவே, இடைவெளி விட்டுச் சாப்பிட வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி தேவை.

2. சுரப்பைக் குறைப்பவை: ஃபமோட்டிடின் இந்த வகை. சுமார் ஒரு மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும், பல மணி நேரம் நீடிக்கும். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த ரானிடிடினும் இதே வகைதான். புற்றுநோய் அபாயம் உள்ள என்.டி.எம்.ஏ என்ற மாசு கலந்திருக்கலாம் என்பதால், 2020-ல் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. 2022-ல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது. பழைய அட்டை வீட்டில் கிடந்தால் எடுத்துப் போட வேண்டாம்.

3. சுரப்பை அடைப்பவை: பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ரபிபிரசோல். எங்கள் அம்மா போட்டது இதைத்தான். சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் முன்பு போட்டால்தான் முழுப் பலன் கிடைக்கும். உடனடி நிவாரணம் தராது. முழுதாக வேலை செய்ய ஓரிரு நாள் முதல் நான்கு நாள் வரை ஆகலாம். டாக்டர் சொல்லாமல் மாதக்கணக்கில் தொடரக் கூடாது. நீண்டகாலம் எடுத்தால் பி12, மக்னீசியம் குறையலாம். திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து, 'மாத்திரை இல்லாமல் முடியாது' என்று தோன்ற வைக்கும். டாம்பெரிடோன் சேர்ந்த கேப்ஸ்யூல்களில் கூடுதல் கவனம் தேவை. வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அது இதயத் துடிப்பைப் பாதிக்கலாம்.

காசில்லாத மருந்து

* இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேர இடைவெளி விடுங்கள்.
* கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து அரை அடி உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் வலிக்கும்.
* இடதுபக்கம் சாய்ந்து படுங்கள்.
* எந்த உணவு உங்களுக்கு ஆகவில்லை என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். ஒருவருக்குக் காபி, இன்னொருவருக்குப் புளிக்குழம்பு.

'கேஸ்தான்' என்று விடாதீர்கள்!

நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி... இவை மாரடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். சோடா குடித்துக் காத்திருக்காமல், உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் பெரிய நெஞ்சுவலியே இல்லாமல், வெறும் வயிற்று எரிச்சல் போலவும் மாரடைப்பு வரலாம்.

விழுங்கச் சிரமம், ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, இரண்டு வாரங்களுக்கு மேல் தொடரும் எரிச்சல்... இவற்றில் எது இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள்.

அம்மாவின் மாத்திரைப் பை

சென்ற வருடம் அம்மாவுக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. பரிசோதனையில் ரத்தசோகை என்று தெரிந்தது. டாக்டர் முதலில் கேட்டது, வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைத்தான். அம்மா பையைக் கவிழ்த்தார். மூட்டுவலிக்காக யாரோ சொல்லி வாங்கிய வலி மாத்திரை அதில் இருந்தது. வெறும் வயிற்றில் தினமும் ஒன்று. எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் புண் தெரிந்தது. அதிலிருந்து ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. இரண்டு வருடமாகக் 'காரம் ஒத்துக்கலை' என்று சட்னியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி நிவாரணிகளும், ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியும்தான் வயிற்றுப் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள். எரிச்சலை மட்டும் மாத்திரையால் அமுக்கிக்கொண்டே இருந்தால், காரணம் உள்ளே இருந்துகொண்டேதான் இருக்கும். ஆனால், டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அவரிடம் கேட்டுவிட்டே முடிவெடுங்கள்.

இப்போது அம்மா நலம். வலி மாத்திரை மாறிவிட்டது. டாக்டர் சொன்ன காலம் வரை மட்டும் பான்டோபிரசோல் எடுத்தார், அதுவும் டீக்கு அரை மணி நேரம் முன்பு. சட்னியில் காரம் பழையபடி திரும்பிவிட்டது.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மா, அப்பாவின் மாத்திரைப் பையை ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் 'கேஸ் மாத்திரை' இருந்தால், அது எத்தனை நாளாக இருக்கிறது என்று கேளுங்கள்.