முதல் நாள் விலையும் பொறுத்திருப்பவரின் இலாபமும்

ஒரு வீடியோ கேம் சந்தைக்கு வரும் நாளில் அதற்குக் குறிக்கப்படும் விலையில், உருவாக்கச் செலவு மட்டுமன்றி, வாங்குவோர் எவ்வளவு காலம் பொறுத்திருப்பார்கள் என்ற கணிப்பும் அடங்கியிருக்கிறது. இணையம் வழியே விற்கப்படும் விளையாட்டில் கூடுதலாக ஒரு பிரதியை விற்பதற்கு ஏறக்குறையச் செலவே இல்லை என்பதால், ஆர்வம் மிகுந்தவர்களுக்கு முதலில் முழு விலையிலும், அவர்கள் வாங்கி முடித்தபின் ஏனையோருக்குப் படிப்படியாகக் குறைத்தும் விற்பது நிறுவனத்துக்கு இலாபமாகிறது. ஒரே பொருளுக்கு, வாங்கும் காலத்தைப் பொறுத்து வெவ்வேறு விலை வைக்கும் இம்முறையைக் காலவழி விலைவேறுபாடு எனலாம்.

இம்முறைக்குள்ளேயே ஒரு சிக்கலும் உண்டு. நீடித்து உழைக்கும் பொருளை ஒரே நிறுவனம் விற்கும்போது, விலை பின்னர் இறங்கும் என்பதை வாங்குவோர் உணர்ந்துவிட்டால் இன்றைய விலையை ஏற்க மறுப்பார்கள் என்றும், அந்நிறுவனம் தனக்குத்தானே போட்டியாகிவிடும் என்றும் பொருளியலறிஞர் ரொனால்ட் கோஸ் 1972இல் விளக்கினார். வால்வு நிறுவனத்தின் ஸ்டீம் இணையக் கடை ஆண்டுதோறும் கோடையிலும் குளிர்காலத்திலும் நடத்தும் பெருந்தள்ளுபடிகளுக்குப் பழகியவர்கள், விரும்பிய விளையாட்டுகளைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பது இதற்குச் சான்று. நின்டெண்டோவோ இதற்கு நேர்மாறான வழியில் செல்கிறது. 2017இல் 60 டாலருக்கு வெளிவந்த அதன் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' பல ஆண்டுகளுக்குப் பின்னரும் அதே பட்டியல் விலையில் விற்கப்பட்டதால், அந்நிறுவனத்தின் விளையாட்டுகளைப் பொறுத்தவரை காத்திருப்போருக்குக் கிடைக்கும் மிச்சம் சொற்பமே.

விலை இறங்குவது ஒருபுறமிருக்க, காலப்போக்கில் பொருளே மாறிவிடுகிறது என்பதுதான் இத்துறையின் தனித்தன்மை. இணைய இணைப்பு பரவாத காலத்தில், விற்பனைக்குச் சென்ற விளையாட்டைத் திருத்த வழியில்லாமையால் அது முழுமையாகவே வெளிவர வேண்டியிருந்தது. இன்றோ 'பேட்ச்' எனப்படும் திருத்தத் தொகுப்புகளைப் பின்னர் அனுப்ப முடிவதால், வேலை முடியுமுன்பே வெளியீட்டு நாள் வந்துவிடுகிறது. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 2020 டிசம்பர் 10 அன்று வெளியிட்ட 'சைபர்பங்க் 2077', தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் கன்சோல் பொறிகளில், குறிப்பாகப் பழைய தலைமுறைப் பொறிகளில், பிழைகள் மலிந்து காணப்பட்டதால், சோனி ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கிப் பணத்தையும் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூனில் அது மீண்டும் கடையில் இடம்பெற்றது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 திருத்தம் விளையாட்டின் அடிப்படை அமைப்புகள் பலவற்றையே மாற்றியமைத்தது. இடைப்பட்ட காலத்தில் தள்ளுபடியின்போது பாதி விலைக்கு வாங்கியவர்கள், முழு விலை கொடுத்தவர்கள் முதல் நாளில் பெற்றதைவிடச் சீரான பொருளைப் பெற்றார்கள்.

தனியாக ஆடும் விளையாட்டுக்குப் பொருந்தும் இக்கணக்கு, பலர் கூடி இணையத்தில் ஆடும் விளையாட்டுக்குப் பொருந்துவதில்லை. அங்கே எதிராளிகளும் கூட்டாளிகளும்தான் விளையாட்டின் உயிர். கூட்டம் கலைந்தபின் மலிவாக வாங்குவது, ஆளில்லாத திடலுக்கு நுழைவுச்சீட்டு வாங்குவதற்கு ஒப்பாகும். 2024 ஆகஸ்ட் 23 அன்று சோனி வெளியிட்ட 'கான்கார்ட்' போதிய ஆட்டக்காரர்களைப் பெறாமல் செப்டம்பர் 6 அன்றே நிறுத்தப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' எப்போதும் இணைய இணைப்பை வேண்டியதால், 2024இல் அதன் சர்வர்கள் மூடப்பட்டதும் தனியாக ஆடவும் வழியில்லாமல் போயிற்று.

இவற்றுக்கிடையே முடிவெடுக்க வேண்டியவருக்கு ஸ்டீமின் விதியொன்று ஓரளவு துணைபுரிகிறது: வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆயினும் பொறுத்திருப்பதன் பலனைத் தனிமனிதச் சிக்கனமாக மட்டும் கருத இயலாது. 'சைபர்பங்க் 2077' வெளிவந்த 2020ஆம் ஆண்டு முடிவதற்குள்ளாகவே 1.3 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றிருந்தன. எல்லோருமே விலை இறங்கட்டும் என்று இருந்திருந்தால் அவ்வருவாயும் இல்லை, அதைக்கொண்டு நடந்த பழுதுநீக்கமும் ஐயத்துக்குரியதே. முந்திக்கொண்டவர்களின் பணத்தில் செப்பனிடப்பட்ட விளையாட்டைத்தான் பொறுத்திருந்தவர்கள் பாதி விலைக்கு ஆடுகிறார்கள்.