பரணில் கிடக்கும் பாட்டு!

காஞ்சீபுரம் என்றதும் பட்டும் கோவிலும் நினைவுக்கு வரும். பாட்டும் அந்த ஊர்ச் சொத்துதான்!

காஞ்சீபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) பெரிய சங்கீத வித்துவான். தாளக் கணக்கில் புலி. மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியம் மேடை நிறைய இருக்கும். ஆனால், அவர் இசைத்தட்டில் பாடவே இல்லை. அந்தக் குரலை இன்று கேட்க வழி இல்லை.

அவருடைய தாயாரின் சகோதரி தனக்கோடி அம்மாள் இசைத்தட்டில் பாடினார். அந்தக் குரல் இன்றும் கேட்கிறது. பிள்ளையின் பாட்டைக் கேட்டு வளர்ந்த டி.கே.பட்டம்மாள் (1919–2009) ஏராளமான இசைத்தட்டுகள் தந்தார்.

3 நிமிடப் பாட்டு

பழைய இசைத்தட்டு அரக்குக் கலவையால் ஆனது. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம் பாடும். கை தவறினால் நொறுங்கிவிடும்.

இந்தத் தட்டுகளைச் சேர்த்து வைப்பவர்கள் இன்றும் உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கிறதா? ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். உறையில் போட்டு, நேராக நிறுத்தி வையுங்கள். வெயில் படக் கூடாது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.

பாட்டியின் பட்டுப் புடவையைப் பெட்டியில் பத்திரமாக வைக்கிறோம். அவர் கேட்ட பாட்டை எடைக்குப் போடலாமா?