இறங்கினால் போதுமா, ஏற வேண்டாமா?

கல்லூரித் தோழிகளோடு மலையேற்ற முகாமுக்குப் போகிறேன் என்று என் மகள் வந்து நின்றபோது, "பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார் மாமியார். எனக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்தது. 1984-ல் எவரெஸ்டில் ஏறிய பச்சேந்திரி பாலும் ஒரு தாய் பெற்ற பெண்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு அனுப்பினேன்.

நாலாம் நாள் திரும்பியவளைப் பார்த்துத் திடுக்கிட்டேன். இடுப்பு வரை தொங்கிய பின்னலில் ஒரு சாண் காணோம்!

மெள்ள மெள்ள விஷயத்தைக் கறந்தேன். பாறை உச்சியிலிருந்து கயிற்றில் இறங்குகிறவர்கள், இடுப்புப் பட்டையில் எட்டு வடிவ உலோக வளையம் மாட்டி, அதற்குள் கயிற்றை நழுவ விடுவார்களாம். பாதி வழியில் இவளுடைய பின்னல் முன்னே விழுந்து, கயிற்றோடு சேர்ந்து வளையத்துக்குள் போய்விட்டது. இறங்க முடியவில்லை, தலையை நிமிர்த்தவும் முடியவில்லை. மேலே ஆசிரியர் இன்னொரு காவல் கயிற்றைப் பிடித்திருந்தாரோ, பிழைத்தோமோ!

"கத்தியால அறுத்துவிட வேண்டியதுதானேடி?"

"ஐயோ அம்மா, பாரம் தொங்கற கயித்துல கத்தி லேசாப் பட்டாலே போச்சு. வாழைத்தண்டு மாதிரி அறுந்துடும்."

அப்புறம் என்ன செய்தாளாம்? கீழே தொங்கிய கயிற்றைத் தொடையில் மூன்று சுற்றுச் சுற்றி, நழுவாமல் நிறுத்திக்கொண்டாள். இடுப்பில் தயாராக வைத்திருந்த இரண்டு மெல்லிய கயிற்று வளையங்களை எடுத்துப் பெரிய கயிற்றில் முடிந்தாள். ஒன்றில் காலை வைத்து எழுந்து நின்றதும், வளையத்தின் மேலிருந்த பாரம் குறைந்து முடி விடுபட்டது. கந்தலான நுனியை மேலே வந்த பிறகுதான் கத்தரித்தார்களாம். இனி கொண்டை போட்டுக்கொள்ளாமல் பாறைப் பக்கமே போக மாட்டாளாம். தாவணி, துப்பட்டாவுக்கும் இதே கதிதான்.

அந்த முடிச்சை எனக்கு ஊஞ்சல் கொக்கியில் கட்டிக் காட்டினாள். ஆஸ்திரியாக்காரர் கார்ல் புரூசிக் 1931-ல் அறிமுகப்படுத்தியதாம். மெல்லிய கயிற்று வளையத்தைப் பெரிய கயிற்றின் மேல் மூன்று தடவை சுற்றி, அதற்குள்ளேயே நுழைத்து இழுக்க வேண்டும். பாரம் இல்லாதபோது கையால் தள்ளினால் நகர்கிறது; பாரம் விழுந்ததும் உடும்புப் பிடிதான்! வளையக் கயிறு பெரிய கயிற்றைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். ஈரக் கயிறானால் ஒரு சுற்றுக் கூடுதல்.

ஒரு வளையம் இடுப்புப் பட்டையில், இன்னொன்று காலுக்கு. எழுந்து நின்று இடுப்பு முடிச்சை மேலே தள்ளு. உட்கார்ந்து கால் முடிச்சை மேலே தள்ளு. இப்படியே முழம் முழமாக ஏறலாம். நடுநடுவே கீழ்க் கயிற்றில் முடிச்சுப் போட்டு இடுப்பில் மாட்டிக்கொண்டால், மேலே பிடி விட்டாலும் விழ மாட்டோம். களைத்துப்போய் அசையாமல் தொங்குவது மட்டும் கூடாது. காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வருமாம். காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கஷ்டமெல்லாம் பாறை விளிம்பில்தான். கயிறு கல்லோடு அழுந்திக் கிடப்பதால் முடிச்சு நகர மறுக்கிறது. அந்த ஒரு முழம் ஏறத்தான் கால் மணி நேரம் ஆயிற்றாம். கயிறு தேயாமலிருக்க விளிம்பில் தடித்த துணி போட்டிருந்தார்கள்.

"நீயும் ஏறிப் பாரும்மா" என்றாள். கதவைத் தாழிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். தரையிலிருந்து ஒரு முழம் எழும்பியிருப்பேன்; வெளியே மாமியார் கதவைத் தட்டுகிறார்!