கோஹன் என்னும் குடும்பப் பெயர்

மோசேயின் அண்ணன் ஆரோனைப் பற்றி நாம் ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம். இஸ்ராயேல் மக்களின் முதல் தலைமைக் குரு அவரே. அவருடைய வழிவந்தவர்கள் இன்றும் இருப்பதாக யூதர்கள் நம்புகிறார்கள். அவர்களுள் பலருடைய குடும்பப் பெயர் கோஹன்.

எபிரேய மொழியில் கோஹன் என்றால் குரு. நம் குருக்கள் தேவ அழைத்தலைப் பெற்று, குருமடத்தில் பயின்று, அபிஷேகம் பெறுகிறார்கள். யூதர்களிடையே அப்படியன்று. தந்தை கோஹன் என்றால் மகனும் கோஹன். மகள் வழியாக அந்த உரிமை பேரப்பிள்ளைகளுக்குச் செல்லாது. பெண் பிள்ளைகளாகிய எங்களுக்கு இது சற்று வருத்தந்தான்!

எருசலேம் ஆலயத்தில் பலி ஒப்புக்கொடுப்பது இவர்களது பணியாக இருந்தது. கி.பி. 70-இல் உரோமையர் ஆலயத்தை இடித்துவிட்டனர். பலி நின்றது, ஆனால் பெயர் நிற்கவில்லை, உலகெங்கும் பரவிற்று.

முற்காலத்தில் பெரும்பாலான யூதர்களுக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. "இன்னாரின் மகன் இன்னார்" என்பதே வழக்கம். பிறகு அரசுகள் சட்டம் போட்டன: ஆஸ்திரியாவில் 1787, பிரான்சில் 1808, பிரஷ்யாவில் 1812. அப்போது குரு குலத்தவர் பலர் தங்கள் குலப் பெயரையே எழுதிக் கொடுத்தனர். ஜெர்மனியில் அது கோன் ஆயிற்று. ரஷ்ய மொழியில் 'ஹ' ஒலி இல்லாததால் ககான், கோகன் என்று மாறிற்று. போலந்து மொழியில் குருவைக் குறிக்கும் சொல்லிலிருந்து கப்லான் வந்தது. இத்தாலியில் சாச்செர்தோத்தி என்ற பெயர் உண்டு. இலத்தீன் தெரிந்த நம் மதர்மாருக்கு இதன் பொருள் உடனே விளங்கும். வேடிக்கையான பெயர் காட்ஸ். ஜெர்மானியர் காதுக்கு அது பூனை! உண்மையில் 'நீதியுள்ள குரு' எனப் பொருள்படும் இரண்டு எபிரேயச் சொற்களின் சுருக்கம் அது.

இன்று இஸ்ரேல் நாட்டில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் கோஹன். அடுத்தது லேவி. ஆனால் கோஹன் என்ற பெயருள்ள எல்லாரும் குரு குலத்தவர் அல்லர். வேறு பெயருள்ள குரு குலத்தவரும் உண்டு.

இந்தப் பெயரால் துன்பமும் வந்தது. ஜெர்மனியில் கோன் என்ற பெயரைச் சொல்லியே யூதர்களை ஏளனம் செய்தனர். 1938-இல் நாசி அரசு, பெயரைக் கேட்டதுமே யூதர் என்று தெரிய வேண்டுமென்று, ஆண்கள் 'இஸ்ராயேல்' என்றும் பெண்கள் 'சாரா' என்றும் கூடுதல் பெயர் சேர்க்கக் கட்டளையிட்டது. கோன் குடும்பத்தாருக்கோ பழைய பெயரே போதுமான அடையாளமாக இருந்தது. அமெரிக்கா போன்ற நாடுகளுக்குக் குடியேறிய சிலர் பெயரையே மாற்றிக்கொண்டனர்.

ஆலயம் இல்லாவிட்டாலும் கடமைகள் உண்டு. தலைச்சன் ஆண் பிள்ளைக்காகப் பெற்றோர் ஒரு கோஹனிடம் ஐந்து வெள்ளிக் காசுகள் கொடுத்துப் பிள்ளையை மீட்கும் சடங்கு இன்றும் நடக்கிறது. செபக்கூடத்தில் இவர்கள் இரு கைகளையும் உயர்த்தி, விரல்களைப் பிரித்து, மக்களை ஆசீர்வதிப்பார்கள். நெருங்கிய உறவினர் இறந்தாலன்றிக் கல்லறைத் தோட்டத்துக்குள் இவர்கள் போகக்கூடாது. இவர்களே இறக்கும்போது, கல்லறையின்மேல் ஆசீர்வதிக்கும் அந்த இரண்டு கைகளைச் செதுக்குவது வழக்கம்.